பள்ளிக்கூடத்துச் சாமுத்திரிகா லட்சணம்



சாமுத்திரிகா லட்சணம் என்பதாக ஒரு சாஸ்திரம் நம் நாட்டில் வெகு காலமாய் வழங்கி வருவது யாவரும் அறிந்ததேயாகும். ஒரு பெண்ணின் நடை எந்த மாதிரி, இடுப்பு எந்த அளவு, மச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்து, அவள் புகுந்த வீடு விளங்குமா விளங்காதா என்று சொல்லிவிடுவதே அந்தச் சாஸ்திரத்தின் வேலையாகும். காலின் கட்டை விரலைவிட அடுத்த விரல் நீண்டிருந்தால் அவள் புருஷனை அடக்கி ஆளுவாள் என்று சொல்லி எத்தனையோ பெண்களைத் தட்டிக் கழித்திருக்கின்றார்கள். மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பதற்கும், பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கும், பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணை நடக்கச் சொல்லிப் பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம் இருக்கின்றது? மாடு தலையைக் குனிந்து நிற்பதில்லை, பெண் குனிந்து நிற்கின்றாள் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

படிப்பு வளர வளர இந்த மூடத்தனம் தானாகவே ஒழிந்துவிடும் என்று நாம் நம்பியிருந்தோம். ஆனால் இப்போது காண்பது என்னவென்றால், வாசல் வழியாய் விரட்டப்பட்ட அந்தச் சாஸ்திரம், கையில் ஒரு அளவு நாடாவையும் ஒரு எடை மெஷினையும் எடுத்துக்கொண்டு, "சுகாதாரம்" என்றும் "உடற்கல்வி" என்றும் பெயரை மாற்றிக்கொண்டு, கொல்லைப்புறமாய்ப் பள்ளிக்கூடத்திற்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கின்றது என்பதேயாகும். இது வெறும் அலங்காரப் பேச்சல்ல. நாம் கண்டதையும், ஊரறிய நடந்ததையும் வைத்தே சொல்லுகின்றோம்.

சென்ற மாதம் ஒரு சிறு டவுனில் கூட்டம் பேசிவிட்டு இரவு ஒரு தோழர் வீட்டில் தங்கினோம். பஸ் நிலையத்தின் பக்கம் டீக்கடை வைத்துப் பிழைப்பவர் அவர். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் எங்களுக்குப் பரிமாறிவிட்டு உள்ளே போகப் பார்த்தாள். "நீயும் உட்காரம்மா" என்றோம். "பசியில்லை மாமா" என்று போய்விட்டாள். தோழர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இரண்டு மாசமா இப்படித்தான் அண்ணே. காலையிலே வெறும் காபி. ராத்திரி ஒரு வாய். பி.டி. பீரியடு இருக்கிற நாள்னா வயித்து வலின்னு படுத்துக்கிறா" என்றார்.

காரணத்தை அவள் தாயார் சொன்னார். பள்ளியில் உயரமும் எடையும் எடுக்கும் நாளில், பிள்ளைகளை வரிசையாய் நிறுத்தி, ஒவ்வொருவருடைய எடையையும் உபாத்தியாயர் உரக்கச் சொல்ல, ஒரு பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கின்றது. இந்தப் பெண்ணின் முறை வந்தபோது எண்ணைச் சொன்னதோடு நில்லாமல், "மெஷினை உடைச்சிடாதே" என்று ஒரு வார்த்தையும் சேர்த்திருக்கின்றார். வகுப்பே சிரித்திருக்கின்றது. அன்று முதல் அவளுக்குப் பெயர் "லாரி". போன வருஷம் வரை கபடி ஆட்டத்தில் பிடிப்பதற்கு முதல் ஆளாய் நின்ற பெண், இப்போது மைதானத்தின் பக்கமே தலை வைத்துப் பார்ப்பதில்லை.

உபாத்தியாயரை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. தோழரே ஒப்புக்கொண்டார்: "நானும்தான் சொல்லிட்டேன் அண்ணே. கொஞ்சம் குறைச்சுத் தின்னா நல்லதுதானே, நாளைக்கு நாலு பேர் பார்க்க வரும்போது நமக்குத்தானே சங்கடம்னு வாய் விட்டுட்டேன்." பாருங்கள்! மேடையில் சாமுத்திரிகா லட்சணத்தைக் கிழிகிழியென்று கிழிக்கின்ற நம்முடைய வீட்டுக்குள்ளேயே அது பாய் விரித்துப் படுத்திருக்கின்றது.

இது ஏதோ ஒரு உபாத்தியாயர் வாய்த் துடுக்கால் வந்த வினை என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் அச்சடித்த புத்தகத்தைப் பற்றி என்ன சொல்லுவார்கள்? 2017-ஆம் ஆண்டில், மத்தியக் கல்வி வாரியத்தின் பாடத் திட்டத்தில் படிக்கும் பள்ளிகள் சிலவற்றில் 12-ஆம் வகுப்புப் பிள்ளைகள் கையில் ஒரு "சுகாதார, உடற்கல்வி"ப் புத்தகம் இருந்தது. ஒரு தனியார் கம்பெனி அச்சிட்டு விற்ற புத்தகம் அது. அதில் பெண்களுடைய உடம்புக்கு 36-24-36 என்ற அளவே மிகச் சிறந்தது என்றும், உலக அழகிப் போட்டிகளில்கூட இந்த அளவைக் கவனிக்கின்றார்கள் என்றும் எழுதியிருந்தது. பெண்களுக்கு இடுப்பெலும்பு அகன்றும் முழங்கால் விலகியும் இருப்பதால் அவர்களால் சரியாக ஓட முடியாது என்றும் எழுதியிருந்தது. ஜனங்கள் கண்டித்துக் கூச்சல் போட்ட பிறகே, தனியார் புத்தகங்களை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை என்று வாரியம் கை கழுவிக்கொண்டது. கம்பெனி அச்சடிப்பதையும் விற்பதையும் நிறுத்தியது.

அழகிப் போட்டிக்கும் சுகாதாரத்திற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கின்றோம். 36-24-36 உள்ளவளுக்குக் காசநோய் வராதா? அவள் இரத்தத்தில் சத்துக் குறையாதா? அவள் பிரசவம் சுகமாய் நடக்கும் என்று எந்த டாக்டராவது எழுதிக் கொடுப்பாரா? கால் விரலைப் பார்த்துக் குணம் சொல்லுகின்றவனுக்கும், இடுப்பை நாடாவால் அளந்து "சிறந்தது" என்று சர்டிபிகேட் கொடுக்கின்றவனுக்கும் அறிவில் என்ன வித்தியாசம்? ஒருவன் ஓலைச் சுவடியைக் காட்டுகின்றான். மற்றவன் பாடப் புத்தகத்தைக் காட்டுகின்றான். ஓலைச் சுவடியை நம்பாதவனும் பாடப் புத்தகத்தை நம்பிவிடுவான் என்பதால், பின்னதுதான் அதிகக் கேடானது.

பெண்களால் சரியாய் ஓட முடியாது என்று எழுதிய அந்த மகானுபாவருக்கு, 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடிய பி.டி. உஷாவைப் பற்றி யாராவது சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். உலகத்தோடு போட்டியிட்டு நான்காவதாய் வந்து, ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கில் பதக்கத்தைத் தவற விட்டவர் அவர். எங்கேயிருந்து வந்தார்? 1976-இல் கேரள சர்க்கார் பெண்களுக்கென்று ஏற்படுத்திய விளையாட்டுப் பள்ளியிலிருந்து வந்தார். ஆகவே பள்ளி உடற்கல்வி என்பதே தீயது என்று நாம் சொல்ல வரவில்லை. "இந்த உடம்பால் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கும் பள்ளி ஒரு உஷாவை உண்டாக்குகின்றது. "இந்த உடம்பு பார்க்க எப்படி இருக்கின்றது?" என்று கேட்கும் பள்ளி, கபடி ஆடிய பெண்ணை வயிற்று வலி என்று படுக்க வைக்கின்றது. நாம் சொல்ல வந்த விஷயம் முழுவதும் இந்த இரண்டு கேள்விகளுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது.

ஓடி ஜெயித்த உடம்பையும்கூட இந்த லட்சணம் பார்க்கும் புத்தி சும்மா விடுவதில்லை. புதுக்கோட்டை ஜில்லாக் கிராமத்தில் செங்கல் சூளைத் தொழிலாளிகளுக்கு மகளாய்ப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006-இல் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். உடனே அவர் உடம்பைப் பரிசோதித்து, பெண்ணுக்கு இருக்க வேண்டிய லட்சணம் இதில் இல்லை என்று பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். மருந்து தின்று ஏமாற்றினார் என்று யாரும் சொல்லவில்லை. பிறந்தபடி இருந்ததே குற்றமாகிவிட்டது. ஊர் உலகம் முழுவதும் அவர் உடம்பைப் பற்றிப் பேசிற்றேயொழிய, அந்த உடம்பு ஓடிய ஓட்டத்தைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனை பேர்?

நிற்க, எடை மெஷினுக்காரர்கள் தங்கள் கட்சிக்கு ஒரு எண்ணைக் காட்டுகின்றார்கள். "உடல் நிறை குறியீட்டெண்" என்பது அதன் பெயர். கிலோ கணக்கில் உள்ள எடையை, மீட்டர் கணக்கில் உள்ள உயரத்தால் இரண்டு தரம் வகுத்தால் வருவது அது. ஒன்றரை மீட்டர் உயரமும் 50 கிலோ எடையும் உள்ளவருக்கு 22 சொச்சம் வரும். இதைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? வைத்தியர் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியம் தேசத்தில் இருந்த கெட்லே என்ற வானநூல், கணித நிபுணர். ஜனங்களைக் கூட்டமாய் எடுத்துக்கொண்டு "சராசரி மனிதன்" எப்படி இருப்பான் என்று கணக்குப் பார்க்கவே அவர் அதைக் கட்டினார். 1972-இல் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். அது கூட்டத்தை அளக்க ஏற்பட்ட கோல். ஒரு தனி மனிதனுடைய யோக்கியதையை அளக்க ஏற்பட்டதல்ல.

மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் 170 சென்டிமீட்டர் உயரமும் 80 கிலோ எடையும் இருந்தால் கணக்கு 27-க்கு மேல் காட்டும். கணக்குப்படி அவர் "பருத்தவர்". அவர் தோளைத் தொட்டுப் பார்த்தால் தெரியும், அது கொழுப்பா உழைப்பா என்று! இதற்கு மாறாக, பார்ப்பதற்கு ஒல்லியாய் இருந்துகொண்டே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்து வைத்து, சர்க்கரை வியாதிக்கு ஆளாகின்றவர்களும் நம் நாட்டில் ஏராளம். இதனாலேயே உலக சுகாதார ஸ்தாபனம் கூட்டிய நிபுணர்கள், ஆசியாக்காரர்களுக்கு 25 வரை காத்திராமல் 23-லிருந்தே எச்சரிக்கையாய் இருக்க வேண்டும் என்று 2004-இல் தனியாய்ச் சொல்ல நேர்ந்தது. வளருகின்ற பிள்ளைகளுக்கோ, வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. 13 வயதுப் பெண் பருவத்தை ஒட்டிச் சதை வைப்பது இயற்கை. அந்தச் சமயம் பார்த்து அவளை மெஷின் மேல் ஏற்றி நாலு பேர் நடுவே எண்ணைக் கூவினால், அதற்குச் சுகாதாரம் என்றா பெயர்? ஏலம் என்று பெயர்.

"எப்படியானாலும் வெட்கப்படுத்தினால்தானே பிள்ளைகள் திருந்தும்?" என்று கேட்கின்றவர்கள் உண்டு. இதையும் செய்து பார்த்துவிட்ட ஊர் ஒன்று இருக்கின்றது. தமிழும் ஆட்சி மொழியாய் உள்ள சிங்கப்பூரில், 1992-ஆம் ஆண்டு பள்ளிப் பிள்ளைகளின் பருமனைக் குறைக்க "டாஃப்" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். எடை கூடிய பிள்ளைகளைத் தனியாய்ப் பிரித்து, மற்றப் பிள்ளைகள் பார்க்கவே அதிகப்படியான உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். அத்திட்டத்தின் பெயரில் உள்ள மூன்று ஆங்கில எழுத்துக்களைத் திருப்பிப் படித்தால் "ஃபேட்", அதாவது "குண்டு" என்று வரும். பிள்ளைகளுக்கு இது தெரியாமலா போகும்? தமிழ்ப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் அந்த வரிசையில் நின்று ஒரே மாதிரி ஏச்சு வாங்கினார்கள். 15 வருஷம் நடத்திவிட்டு 2007-இல் அதைக் கைவிட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான சுகாதாரத் திட்டம் என்று மாற்றிக்கொண்டார்கள். அந்த வரிசையில் நின்றவர்கள் இன்று பெரியவர்களாகி, அந்த வெட்கம் இன்னும் எங்களை விடவில்லை என்று வெளிப்படையாய்ச் சொல்லி வருகின்றார்கள். திட்டத்திற்கு ஆயுள் 15 வருஷம். வெட்கத்திற்கோ மனிதனுடைய ஆயுளே ஆயுள்!

சரி, பலர் முன்னே வெட்கப்படுத்தாமல், எடைக் கணக்கை வீட்டுக்குக் காகிதத்தில் அனுப்பினால் என்ன என்பார்கள். இதையும் அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில் 2014 முதல் 2017 வரை ஒழுங்காய்ச் சோதித்துப் பார்த்தார்கள். 79 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய 29,000 பிள்ளைகளை வைத்து, சில பள்ளிகளில் எடை எடுத்துப் பெற்றோருக்கு அறிக்கை அனுப்பினார்கள். சில பள்ளிகளில் எடை மட்டும் எடுத்தார்கள். சில பள்ளிகளில் எடையே எடுக்கவில்லை. முடிவு என்ன? அறிக்கை அனுப்பியதால் பிள்ளைகளின் பருமன் குறையவே இல்லை. ஆனால் பள்ளியில் எடை எடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின் மேல் இருந்த திருப்தி அதிகமாய்க் குறைந்துவிட்டது. குறைய வேண்டியது குறையவில்லை. குறையக் கூடாதது குறைந்தது. பரிகாரம் செய்து பணத்தையும் இழந்து, வியாதியும் தீராமல் வீடு திரும்புகின்றவனுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டா?

இதைக் கேட்டதும் "அப்படியானால் பிள்ளைகள் எப்படியாவது போகட்டும், சுகாதாரமே வேண்டாம் என்கின்றீர்களா?" என்று சிலர் குதிக்கலாம். ஒருக்காலும் இல்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது நமக்கும் தெரியும். சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் நம் ஜனங்களைத் தின்று வருவதும் தெரியும். அதனால்தான், உண்மையான வியாதியை விட்டுவிட்டு உருவத்தைப் பார்ப்பதை எதிர்க்கின்றோம். 2019-21-இல் சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, 15 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்தச் சோகை. அந்த வயதுப் பையன்களில் 100-க்கு 31 பேருக்கு. பெண் பிள்ளைக்கு மட்டும் ஏன் இவ்வளவு? மாதாமாதம் இரத்தம் போகின்றது. போன இரத்தத்தை ஈடு செய்யக் கீரையும் பயறும் முட்டையும் கறியும் தட்டில் விழுவதில்லை. வீட்டில் ஆண்கள் தின்ற மிச்சமே அவளுக்கு. இந்த நிலைமையில் உள்ள பெண்ணைப் பார்த்து "குறைச்சுத் தின்" என்று சொல்லுவதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்கின்றது? இரத்தச் சோகை எடை மெஷினில் தெரியாது; நாடாவில் அளக்க முடியாது. பருத்த பெண்ணுக்கும் அது இருக்கலாம். ஒரு சொட்டு இரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் 1956-இல் மதிய உணவும், 1982-இல் சத்துணவும், 2022-இல் காலை உணவும் பள்ளிக்கூடத்துக்குள் வந்தன. பிள்ளையின் வயிற்றைக் கவனிப்பதே சுகாதாரம் என்பதை இந்தத் திட்டங்கள் ஒத்துக்கொண்டன. ஒரு கையால் சோறு போட்டுவிட்டு, மறு கையால் அந்தச் சோற்றைத் தின்பது வெட்கம் என்று கற்பிப்பது என்ன நியாயம்?

இன்னும், பிள்ளைகளுக்கு ஓட்டமும் ஆட்டமும் குறைந்துவிட்டது என்பதும் வாஸ்தவம்தான். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷமாவது உடம்பை அசைத்து ஆட வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகத்தில் பள்ளிக்குப் போகும் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 81 பேர் அவ்வளவு ஆடுவதில்லை. பெண்களில் 85 பேர்; பையன்களில் 78 பேர். நம் பள்ளிகளில் என்ன நடக்கின்றது? பரீட்சை நெருங்கினால் விளையாட்டு நேரத்தைக் கணக்கு உபாத்தியாயர் பிடுங்கிக்கொள்ளுகின்றார். மிச்சமுள்ள நேரத்தில் நன்றாய் ஓடக்கூடிய பத்துப் பேருக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களை வேப்ப மரத்தடியில் உட்கார வைத்துவிடுகின்றார்கள். பெண் பிள்ளை துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே ஓட வேண்டியிருக்கின்றது. ஒரு கையைக் கட்டிப்போட்டு ஓடவிட்டுவிட்டு, பெண்களால் ஓட முடியவில்லை என்று புத்தகம் எழுதுகின்றார்கள்! சுகாதாரப் பாடத்தில் மாதவிலக்கும் இனப்பெருக்கமும் வரும் பக்கத்தை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று புரட்டிவிடுகின்ற உபாத்தியாயர்கள் எத்தனை பேர்! உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்ல வெட்கம். சொல்லக் கூடாததைச் சொல்ல வெட்கமில்லை.

இந்தக் கொடுமை பெண்களுக்கு மாத்திரம் என்று பையன்களைப் பெற்றவர்கள் எண்ணிவிட வேண்டாம். நாமே பள்ளியில் படித்த கொஞ்ச காலத்தில் "ஓமக்குச்சி" என்று பெயர் எடுத்தவர்கள். டிரில் உபாத்தியாயர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் நம்மைக் கூப்பிடுவார். சட்டையைக் கழற்றச் சொல்லுவாரோ என்று பயந்து பயந்தே அந்த வயதைக் கழித்தோம். நாற்பது வயதுக்கு மேல் ஆன பிறகும் ஆற்றில் குளிக்கும்போது யாராவது பார்க்கின்றார்களா என்று நம் கண் தானாய்த் திரும்புகின்றது. யூஜின் சாண்டோ என்ற ஐரோப்பியப் பயில்வான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்து உடம்பைக் காட்டிவிட்டுப் போனார். அவர் பெயர் நம் ஊர்ப் பயில்வான்களுக்குப் பட்டமாகி, கடைசியில் கையில்லாத பனியனுக்கும் பெயராகி நின்றுவிட்டது. இன்று சினிமாக்காரர் வயிற்றில் ஆறு கட்டு தெரிகின்றது என்பதற்காக, பதினாறு வயதுப் பையன் சாப்பாட்டுக் காசில் மாவு டப்பா வாங்குகின்றான். யாரோ சொன்னார்கள் என்று ஊசியும் போட்டுக்கொள்ளுகின்றான். கேட்டால் "பாடி" என்கின்றான். ஏர் பிடித்து, ஓடம் தள்ளி, மரம் ஏறிப் பிழைத்தவர்களுடைய பேரனுக்கு உடம்பு என்பது கண்ணாடியில் பார்க்கிற படமாகிவிட்டது.

நிறத்தின் சங்கதி இதைவிடக் கேவலம். பள்ளி ஆண்டு விழாவில் பெரிய மனிதர் வரும்போது பன்னீர் தெளிக்கவும் சந்தனத் தட்டைப் பிடிக்கவும் எந்தப் பெண்களைப் பொறுக்குகின்றார்கள் என்று ஒரு தரம் கவனித்துப் பாருங்கள். வாயிலே "நிறத்தில் உயர்வு தாழ்வில்லை" என்று பாடம். வாசலிலே சிவந்த பெண்கள் வரிசை! கருத்த பெண் பின் வரிசையில் நின்றுகொண்டு படிக்கும் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. ஆனால் ஜென்மத்துக்கும் மறக்காதது. தோலில் உள்ள மெலனின் என்ற நிறப்பொருள் கொஞ்சம் அதிகமாயிருந்தால் கருப்பு, குறைந்தால் சிவப்பு. வெயிலின் கேட்டிலிருந்து தோலைக் காப்பதே அதன் வேலை. இதைச் சுகாதாரப் பாடத்தில் அரை மணியில் சொல்லிவிடலாம். சொல்லாததால், 1975-இல் சந்தைக்கு வந்த "ஃபேர் அண்ட் லவ்லி" என்ற முகப்பூச்சு 45 வருஷம் வெள்ளைத் தோலாசையை விற்றுக் கொழுத்தது. 2020-இல் உலகமெங்கும் எதிர்ப்புக் கிளம்பிய பின்பே பெயரில் இருந்த "ஃபேர்" என்பதை எடுத்துவிட்டு "க்ளோ" என்று மாற்றினார்கள். பெயர் போயிற்று, ஆசை போயிற்றா?

இங்கேதான் நாம் ஒரு உண்மையை நன்றாய்க் கவனிக்க வேண்டும். தன் உடம்பைக் கண்டு தானே கூசுகின்றவனை யாரும் எதையும் வாங்க வைத்துவிடலாம். முகப்பூச்சுக்காரன், மாவு டப்பாக்காரன், மெலிய மருந்து விற்பவன், வரதட்சணை கேட்பவன் ஆகிய இத்தனை பேருக்கும் மூலதனம் அந்தக் கூச்சம்தான். அந்தக் கூச்சத்தைச் சம்பளமில்லாமல் விதைத்துக் கொடுக்கின்ற வேலையைப் பள்ளிக்கூடம் செய்யலாமா என்பதுதான் நம்முடைய கேள்வி.

ஆகவே பெற்றோர்களான தோழர்கள் செய்ய வேண்டியது என்னவென்றால்:

முதலாவது, உங்கள் பிள்ளையின் பள்ளியில் எடையும் உயரமும் எப்படி எடுக்கின்றார்கள் என்று போய்க் கேளுங்கள். எடுப்பதானால் தனி அறையில், சுகாதார ஊழியரை வைத்து, எண்ணை உரக்கச் சொல்லாமல் எடுக்க வேண்டும். அதனோடு இரத்தத்தையும் கண்ணையும் பல்லையும் பார்க்க வேண்டும். குறை கண்டால் வைத்தியத்துக்கு வழி சொல்ல வேண்டும். வைத்தியம் செய்யாத அளவு வெறும் ஏச்சுக்கே உதவும்.

இரண்டாவது, உபாத்தியாயர் பட்டப் பெயர் வைத்தால் சிரித்துவிட்டு வராதீர்கள். 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கின்றது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை என்று பேசினாலும், 15 வயதானவுடன் பிள்ளைக்கு மானம் போய்விடுவதில்லை என்று தலைமை உபாத்தியாயருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, விளையாட்டு நேரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் விளையாட்டு நேரமாகவே இருக்க வேண்டும். முதலில் வந்தவன் யார் என்பதோடு, போன மாதத்தைவிட இந்த மாதம் யார் கொஞ்சம் கூட ஓடினார்கள் என்பதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு ஓடத் தகுந்த உடை வேண்டும். மாதவிலக்கு நாளில் ஆடுவதும் ஆடாததும் அந்தப் பெண்ணின் இஷ்டமாயிருக்க வேண்டும்.

நான்காவது, உடம்பைப் பற்றிய பாடத்தைப் பக்கம் விடாமல் நடத்தச் சொல்லுங்கள்.

ஐந்தாவதும் முக்கியமானதும் என்னவென்றால், உங்கள் வீட்டுக்குள் "நாலு பேர் பார்க்க வரும்போது" என்ற வார்த்தையை நிறுத்துங்கள். நாலு பேர் பார்ப்பதற்காகவா நம் பெண்ணைப் பெற்றோம்?

நாம் தங்கியிருந்த வீட்டுக்கு மறுபடியும் வருவோம். மறுநாள் காலை புறப்படும் முன் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "கபடியில் ஆளைப் பிடிக்க என்னம்மா வேண்டும்?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "பிடி வேணும் மாமா. கால் ஊன்றி நிக்கணும். உடம்பு கனமா இருந்தா இழுத்துட்டுப் போக முடியாது" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே விளங்கியது போலும்; லேசாய்ச் சிரித்தாள். அவள் தகப்பனாரும் சிரித்தார். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. "இன்னிக்குப் பள்ளிக்கூடத்துக்கு நானும் வர்றேன்" என்று சொல்லிக் கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

தோழர்களே, சுயமரியாதை என்ற வார்த்தையை நாம் எத்தனையோ மேடைகளில் பேசியாய்விட்டது. அது வானத்தில் இல்லை. தன் காலையும் கையையும் தோலையும் தன்னுடையதென்று ஒப்புக்கொண்டு நிமிர்ந்து நிற்பதிலிருந்தே அது தொடங்குகின்றது. ஒன்பதாம் வகுப்பிலேயே அதை ஒரு எடை மெஷின் முன்னால் பறிகொடுத்துவிட்டு வரும் பிள்ளைக்குப் பிறகு நாம் எந்தப் பிரசங்கத்தால் அதைத் திருப்பிக் கொடுக்கப் போகின்றோம்?

நாளைக் காலையில் உங்கள் பிள்ளை சாப்பிடாமல் பள்ளிக்குப் புறப்பட்டால், ஏன் என்று கேளுங்கள்.